டி-4 எந்த ஊர் மண்?

கேள்வி: மதுரையில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. இரண்டாம் வருடம் படிக்கிறேன். மல்லிகைத் தோட்டத்து மண்ணில் பாஸ்பேட்டைக் கரைத்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுக்கும் வேலை. எனக்கு முன்னால் இதே திட்டத்தில் இருந்த அக்கா போஸ்ட்-டாக் கிடைத்து வெளிநாடு போய்விட்டார். ஃப்ரீசரில் 140 டியூப் இருக்கிறது. அதில் 11 டியூபில் டி-4 என்று மட்டும் எழுதியிருக்கிறது, திருமங்கலமா திருப்பரங்குன்றமா தெரியவில்லை. படமெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில், எக்செல் அக்காவின் ஜிமெயிலில், நடுவில் செய்த மாற்றங்கள் கைடு சாரின் ஞாபகத்தில். கேட்டால் "எல்லாம் குரூப்ல இருக்கும்மா, தேடிப் பாரு" என்கிறார்கள். நான் ஜூனியர், ஒழுங்குபடுத்தலாம் என்று வாய் திறந்தாலே சீனியர்களைக் குறை சொன்னதாக ஆகிவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

வணக்கம் தங்கச்சி. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். டியூப் அடுக்குவது எப்படி என்று கேட்ட மாதிரி இருந்தாலும், உங்கள் லேபுக்குத் தெரிந்த விஷயமெல்லாம் எங்கே இருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி. அது ஆட்களிடம் இருக்கிறது. அக்கா இருந்தவரை டி-4 என்றால் எந்த ஊர் என்று அக்காவுக்குத் தெரியும், அதனால் யாருக்கும் குறை தெரியவில்லை. அக்கா விமானம் ஏறிய அன்றைக்கே அந்த 11 டியூபுக்கும் ஊர் இல்லாமல் போய்விட்டது. பேச்சு எங்கு வேண்டுமானாலும் நடக்கட்டும், வாட்ஸ்அப்பில், கேன்டீனில், பைக் ஸ்டாண்டில், அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். ஆனால் பேசி முடிவானது போய்ச் சேர ஓர் இடம் வேண்டும், அது எந்த இடம் என்று லேபில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், நாளைக்குப் புதிதாகச் சேர்கிற பிள்ளை யாருக்கும் போன் போடாமல் அங்கே போய் எடுத்துப் படிக்க முடிய வேண்டும். இவ்வளவுதான் நான் சொல்ல வருவது, மீதியெல்லாம் இதைச் செய்யும் வழி.

நான் 24 வருடம் தண்ணீர், உணவுப் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்தவன், பாதிக்கு மேல் தர மேலாளராக. தொடங்கிய காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குடிநீரில் ஃபுளோரைடு பார்க்கும் வேலை, எலெக்ட்ரோடு வைத்து. லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஸ்டாண்டர்டு கரைசல்தான் எப்போதும் வாங்குவோம், ஒரு முறை அது கிடைக்காமல் 1000 மில்லிகிராம் பாட்டில் வந்தது. ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது, "புது பாட்டில் பத்து மடங்கு, பார்த்து டைல்யூட் பண்ணச் சொல்லுங்க" என்று ஒருவரிடம் நான் வாயால் சொன்னேன். அவர் அடுத்தவரிடம் சொன்னார், அந்த அடுத்தவர் மறுநாள் லீவு, சொல் அங்கேயே நின்றுவிட்டது. பழைய கணக்கிலேயே கரைத்தார்கள். எலெக்ட்ரோடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் சரிவு எண் அப்போதும் சரியாகவே வந்தது, ஏனென்றால் எல்லா ஸ்டாண்டர்டுமே ஒரே மாதிரி பத்து மடங்கு தவறு. மூன்று நாள் வந்த தண்ணீருக்கெல்லாம் ஃபுளோரைடு பத்தில் ஒரு பங்காகக் காட்டியது. 1.8 இருக்க வேண்டிய போர்வெல் தண்ணீருக்கு 0.18 என்று ரிப்போர்ட் போனது. இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-இல் 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரை "குடிக்கலாம்" என்று எங்கள் முத்திரையோடு அனுப்பியிருக்கிறோம். வழக்கமாக அதிகம் காட்டும் ஓர் ஊரின் எண் திடீரென்று இறங்கியதைப் பார்த்து ஒரு டெக்னீஷியன் அம்மா சந்தேகப்பட்டதால் தப்பித்தோம், எல்லா ரிப்போர்ட்டையும் திரும்ப வாங்கினோம். சொன்னேன் என்பது உண்மை. எழுதவில்லை என்பதும் உண்மை. பாட்டில் மேல் சிவப்பு மையில் ஒரு வரி, லாக் புக்கில் ஒரு வரி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

உங்கள் லேபில் யாரும் தண்ணீர் குடிக்கப் போவதில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு மண் சாம்பிளின் பெறுமானமே அதோடு வருகிற விவரத்தில்தான் இருக்கிறது. நம் ஊருக்குப் பக்கத்திலேயே கீழடி இருக்கிறதே, அங்கே கிடைத்த கரித்துண்டுகளில் ஒன்று கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்தபோது எல்லாரும் அந்த ஆண்டைத்தான் பிடித்துக்கொண்டோம். என் கண் நின்றது அதோடு கூட வந்த இன்னோர் எண்ணில்: 353 சென்டிமீட்டர் ஆழம். எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று எடுத்த இடத்திலேயே எழுதி, அந்தச் சீட்டு பையோடு ஒட்டியே பரிசோதனைக்குப் போனதால்தான் அந்த ஆண்டுக்கு அர்த்தம். சீட்டு கழன்று விழுந்திருந்தால் அது வெறும் கரி. உங்கள் டி-4-உம் இப்போது அந்த நிலையில்தான். பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் ஜீனை சீக்வென்ஸ் செய்தால் அது என்ன பேரினம் என்று தெரியும், எந்த ஊர் வயல் என்று எந்த மெஷினும் சொல்லாது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உங்களுக்கு ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு டியூபை எடுங்கள், அது எந்த வயலில், எந்தத் தேதியில், யார் எடுத்த மண், எந்தப் பிளேட்டில் வளர்ந்தது, அந்தப் படம் எந்த ஃபைலில் இருக்கிறது என்று பத்து நிமிடத்துக்குள் போன் எதுவும் போடாமல் கண்டுபிடியுங்கள். பரிசோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல்-இல் இருந்து தணிக்கைக்கு வருகிறவர்கள் இதையேதான் செய்வார்கள்: அலமாரியிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை உருவி, இதை யார் செய்தது, எந்தத் தராசு, அன்றைக்கு அந்தத் தராசு சரிபார்த்திருந்ததா, எந்த பாட்டில், லாட் நம்பர் என்ன என்று பின்னோக்கி நடந்துகொண்டே போவார்கள், சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே நிற்பார்கள். உங்களுக்கு எங்கே அறுகிறது என்று ஐந்து டியூபுக்குப் பார்த்தாலே தெரிந்துவிடும். என் அனுபவத்தில் பெரும்பாலும் அறுவது டியூபுக்கும் நோட்டுக்கும் நடுவில்.

அதனால் முதல் வேலை டியூபில் எழுதும் குறியீடு (code). டி என்றால் ஊர், 4 என்றால் நான்காவது வயல் என்று குறியீட்டுக்குள்ளேயே அர்த்தத்தை அடைத்தால் என்றைக்காவது இப்படி முட்டும். மதுரையைச் சுற்றி 'திரு'வில் தொடங்காத ஊரை எண்ணிவிடலாம். தொடர் எண் போதும், 0001-இல் தொடங்கி. அர்த்தமெல்லாம் ஒரு ரெஜிஸ்டரில்: ஊர், வயலின் அடையாளம், ஜிபிஎஸ், மண் எடுத்த ஆழம், தேதி, எடுத்தவர், நோட்டுப் பக்கம். டியூபைத் தூக்கிப் போட்டாலும் அந்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். மூடியில் மட்டும் எழுதுவது கூடாது, நாலு டியூபை ஒன்றாகத் திறக்கும்போது மூடி மாறும், பக்கவாட்டிலும் எழுத வேண்டும். சாதாரண மார்க்கர் எழுத்து எத்தனால் பட்டால் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும், குளிரைத் தாங்கும் லேபிள் வாங்க சாரிடம் கேளுங்கள், பெரிய செலவில்லை.

ரெஜிஸ்டரை எக்செலில் வைப்பதானால் கவனம். எண்கள் இருக்கும் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று முதலிலேயே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் 0001 என்பது 1 ஆகிவிடும், 4-11 என்று அடித்தால் அதைத் தேதியாக மாற்றிவிடும், 2இ3 என்று ஆங்கிலத்தில் அடித்தால் 2000 என்று எடுத்துக்கொள்ளும். சின்ன விஷயமில்லை இது. 'மார்ச்1', 'செப்ட்2' என்ற மனித ஜீன் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. அதே 2020-இல் இங்கிலாந்தில் சுமார் 16,000 கோவிட் தொற்று விவரங்கள் கணக்கிலிருந்து விடுபட்டன. காரணம், பழைய எக்செல் ஃபைல் வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடம் இல்லை. அவ்வளவு பேரின் தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலை தாமதமானது. தேதியை 2025-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் என்றே எழுதிப் பழகுங்கள். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, இன்ஸ்ட்ருமென்ட் ரூம் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் அதற்கு மார்ச் 4. அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் ஒரு முறை பாருங்கள், உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போய், அணைத்துப் போடும்போதெல்லாம் வருடக்கணக்கில் பின்னோக்கிப் போய் நிற்கும் கம்ப்யூட்டரை நான் எத்தனையோ லேபில் பார்த்திருக்கிறேன், அதில் சேமித்த ஃபைலின் தேதியை நம்பி எதையும் நிரூபிக்க முடியாது.

லேப் நோட்டு பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரியும், செய்வதுதான் இல்லை. தைத்த நோட்டு, பக்க எண், அழியாத மை, தப்பானால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். நான் பிடிவாதமாக நிற்பது ஒன்றில் மட்டும்: செய்யும்போதே எழுத வேண்டும். டிஷ்யூ பேப்பரிலும் கிளவுஸ் மேலும் குறித்துக்கொண்டு சாயங்காலம் "நீட்டாக" எழுதுவது பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டில் வந்த பழக்கம், அங்கே அழகுக்கு மார்க் உண்டு. ஆராய்ச்சியில் கறை படிந்த, கோணல் எழுத்துப் பக்கம்தான் மதிப்புள்ளது. இன்குபேட்டர் 28-க்குப் பதில் 31-இல் இருந்தது, மதியம் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை, ஆட்டோகிளேவ் பிரஷர் பாதியில் இறங்கியது என்பதெல்லாம் சாயங்காலம் ஞாபகம் இருக்காது, ஞாபகம் இருந்தாலும் அசிங்கம் என்று விட்டுவிடுவோம். ஆறு மாதம் கழித்து ஒரு முடிவு மற்றதோடு ஒத்துப்போகாதபோது காரணம் அந்த விட்டுப்போன வரியில்தான் இருக்கும். அப்புறம், தராசும் ஸ்பெக்ட்ரோமீட்டரும் கக்கும் தெர்மல் பேப்பர் சீட்டை அப்படியே ஒட்டி வைக்காதீர்கள், மங்கி வெள்ளையாகிவிடும். பாதுகாக்கிறேன் என்று லேமினேஷன் செய்தால் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அது இல்லாமல் இன்றைக்கு எந்த லேபும் ஓடாது. "ஆட்டோகிளேவ் காலியா", "யாராவது எத்தனால் வாங்கி வாங்க" என்பதற்கெல்லாம் அதுதான் சரி. ஆனால் அது பேசும் இடம், வைக்கும் இடம் கிடையாது. படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் உள்ளே பதிந்திருந்தால் அதுவும் போய்விடும், நீங்கள் வைத்த ஃபைல் பெயரும் போய் அதுவே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். ஜெல் படத்தில் மங்கலான பேண்டு இருக்கிறதா இல்லையா என்று நாளைக்கு ஒரு ரிவியூவர் கேட்டால் அந்தச் சுருங்கிய படத்தை வைத்து என்ன சொல்வீர்கள்? மெஷினில் இருந்து வரும் அசல் ஃபைல் நேராக லேபின் ஃபோல்டருக்குப் போகட்டும், குரூப்பில் ஃபைல் பெயரை மட்டும் போடுங்கள். அவசரத்துக்கு அனுப்பியே ஆக வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள், சுருங்காது.

அந்த ஃபோல்டர் எங்கே இருக்க வேண்டும்? தனி ஆள் ஜிமெயிலில் மட்டும் இருக்கக் கூடாது. இரண்டு வருடம் திறக்காத கணக்கை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023-இல் கொண்டுவந்தது. உங்கள் அக்கா புது இடத்து மெயிலுக்கு மாறிவிட்டால் பழைய ஜிமெயிலை எத்தனை நாள் திறப்பார்? கல்லூரி மெயில் ஐடியும் ஆள் போனால் மூடப்படும். அதனால் திட்டத்தின் பெயரில் ஒரு கணக்கு, பாஸ்வேர்டு கைடு சாரிடம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, உங்களுக்கு அது லேப் கம்ப்யூட்டர், ஒரு ஹார்டு டிஸ்க், கிளவுடு என்று முடிந்துவிடும். பென்டிரைவ் எடுத்துச் செல்ல மட்டும், பொதுக் கம்ப்யூட்டரில் செருகி ஷார்ட்கட் வைரஸ் வாங்கி வந்த கதை உங்கள் துறையிலும் நாலு பேரிடம் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பில் இருந்து ஒரு பழைய ஃபைலைத் திறந்து பாருங்கள், இதை யாருமே செய்வதில்லை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் செய்யும் புரோகிராமே தவறிப்போய் 77 டெராபைட் அளவுக்கு ஃபைல்களை அழித்துவிட்டது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த கதி.

எலெக்ட்ரானிக் லேப் நோட்டு வேண்டுமா என்று கேட்பீர்கள். ஈலேப்எஃப்டிடபிள்யூ போல இலவசமாகக் கிடைப்பவை இருக்கின்றன, நல்லவைதான், ஆனால் அதில் தொடங்காதீர்கள். ரெஜிஸ்டர் பழக்கம் இல்லாத லேபில் சாஃப்ட்வேர் வந்தால் மூன்றாம் மாதம் ஒருவரும் திறக்க மாட்டார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-இல் இருந்து சூரியனைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், இன்றைக்கு அவற்றை டிஜிட்டலாக்கி நூறு வருட சூரியனை ஒன்றாக வைத்து ஆராய முடிகிறது. அன்று கம்ப்யூட்டர் கிடையாது. எந்த நாள், எந்த நேரம் என்ற குறிப்பு தகட்டோடு இருந்தது, தகடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

கைடு சாரின் ஞாபகத்தில் இருப்பதை எப்படி வெளியே எடுப்பது என்பது கஷ்டமான பகுதி, இதில் மரியாதையும் கலந்திருக்கிறது. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பாஸ்பேட் கரைக்கும் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் பிக்கோவ்ஸ்காயா அகரில் லிட்டருக்கு 5 கிராம் ட்ரைகால்சியம் பாஸ்பேட் போடுவது வழக்கம், சார் காரிடாரில் போகிறபோக்கில் "இனிமே பாதி போடும்மா" என்கிறார் என்று வையுங்கள். அன்றிலிருந்து பாக்டீரியாவைச் சுற்றி வரும் தெளிந்த வளையத்தின் அளவு மாறும், அதற்கு முன் அளந்ததோடு ஒப்பிட முடியாது, ஆனால் அந்த வார்த்தை எங்கும் இல்லை. அன்று சாயங்காலமே ஒரு மெயில் போடுங்கள்: "சார், இன்று நீங்கள் சொன்னபடி நாளை முதல் 2.5 கிராம் போடுகிறேன், 0087-இல் இருந்து இது பொருந்தும், தவறாகப் புரிந்திருந்தால் சொல்லுங்கள்." அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, அதை அச்செடுத்து நோட்டில் ஒட்டுங்கள். இதில் அவரைக் கேள்வி கேட்டதாக எதுவும் இல்லை, கவனமாகக் கேட்டுக்கொள்கிற மாணவி என்றுதான் தெரியும். நான் சின்ன வயதில் இதைச் செய்திருக்கிறேன், கோபித்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

சீனியர்களைப் பொறுத்தவரை, "நம் லேபுக்கு ஒரு சிஸ்டம் வேண்டும்" என்று லேப் மீட்டிங்கில் பேசாதீர்கள். உங்கள் டியூபுக்கு மட்டும் செய்யுங்கள். ஃப்ரீசர் கதவில் உங்கள் தட்டுக்கு ஒரு வரைபடம் ஒட்டுங்கள். இரண்டு மாதத்தில் யாராவது ஒருவர் தன் கல்ச்சரைத் தேடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார், நீங்கள் பத்து வினாடியில் எடுப்பதைப் பார்ப்பார், கேட்பார். சாரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. படிப்பு முடித்துப் போகிறவர்கள் நோ டியூஸ் படிவத்தைத் தூக்கிக்கொண்டு லைப்ரரி, ஹாஸ்டல், லேப் என்று கையெழுத்துக்கு அலைவார்கள். புத்தகம் திரும்பி வந்ததா, உடைந்த கண்ணாடிக்குப் பணம் கட்டியாயிற்றா என்றெல்லாம் பார்க்கிற நாம், மூன்று வருட டேட்டா வந்ததா என்று பார்ப்பதில்லை. லேப் வரிசையில் கையெழுத்துப் போடும் முன் அரை நாள், போகிறவரும் வருகிறவரும் ஃப்ரீசர் முன்னால் உட்கார்ந்து, அந்தப் பத்து நிமிடப் பரீட்சையை ஐந்து டியூபுக்குச் செய்யட்டும். இதை ஏற்காத கைடு இருக்க மாட்டார், லாபம் அவருக்குத்தான்.

இனி அந்த 11 டியூப். அக்காவுக்கு ஒரே ஒரு மெயில் அனுப்புங்கள், துண்டு துண்டாகக் கேட்டு நச்சரிக்க வேண்டாம், அவருக்கும் புது இடம். ஃப்ரீசர் பெட்டியின் படம், ஒவ்வொரு டியூபின் கிட்டப் படம், நோட்டில் கண்டுபிடித்த தேதிகள், குரூப்பில் அந்த வாரம் வந்த வயல் படங்கள், எல்லாம் சேர்த்து. திருமங்கலம் போன தேதியும் திருப்பரங்குன்றம் போன தேதியும் அவருடைய போன் கேலரியிலோ பஸ் டிக்கெட் ஒட்டிய பயணச் செலவு பில்லிலோ இருக்கும், திட்டக் கணக்கில் அந்த பில்கள் கல்லூரி ஆபீசில் கிடைக்க வாய்ப்பு உண்டு, அங்கேயும் கேளுங்கள். அதற்கப்புறமும் தெரியாவிட்டால் ரெஜிஸ்டரில் "ஊர் தெரியவில்லை" என்று எழுதி உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். தோராயமாகத் திருமங்கலம் என்று போட்டுவிடாதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். ஜீன் வரிசைகளைச் சேமிக்கும் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் சீக்வென்ஸ் ஏற்றும்போது எங்கே, எப்போது எடுத்தது என்று கேட்கும், நீங்கள் போட்ட ஊகம் அங்கே உங்கள் பெயரோடு நிரந்தரமாக நிற்கும். அந்த 11-உம் தீசிசில் வர வேண்டாம், ஆனால் தூக்கியும் போடாதீர்கள், வளையம் பெரிதாக வருவது அதில் ஏதாவது இருந்தால் பின்னால் வேறு வேலைக்கு உதவும்.

இரண்டு ஊருக்கும் மழைக்கு முன்னால் ஒரு நாள் போய்ப் புது மண் எடுத்து வந்துவிடுங்கள். கவர்களில் எண்ணை வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு போங்கள், வயலில் வெயிலில் நின்று எழுதினால் தப்பு வரும். மண் அள்ளும் முன் எண் தெரிகிற மாதிரி கவரைச் செடியின் அடியில் வைத்து ஒரு போட்டோ, ஜிபிஎஸ் போட்டு. தோட்டக்காரரிடம் கடைசியாக என்ன உரம், எப்போது போட்டார் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். டிஏபி என்ற பாஸ்பேட் உரம் போட்ட வயலா இல்லையா என்பது உங்கள் வேலைக்கு ஊர்ப் பெயரைவிட முக்கியமாக இருக்கலாம், அக்காவின் எக்செலில் அதற்கு ஒரு தனிப் பத்தி (column) இருந்ததா என்றும் பார்த்து எழுதுங்கள்.